பாட வந்தவர்கள் அல்ல

பிழையான தையலைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. கலியாண வீட்டுப் பந்தியில் எதிரே இருப்பவளின் சாறிச் சட்டை தோளில் இழுத்துக்கொண்டு நின்றால் எனக்குச் சாப்பாடு இறங்காது. எழும்பிப் போய், நாளைக்கு வீட்டுக்கு வாருங்கள், ஒரு தையலைப் பிரித்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு வந்த பிறகுதான் பாயாசம் குடிப்பேன். மகள் இதை வியாதி என்கிறாள். இருக்கட்டும். அந்த வியாதி ஒருமுறை நான் கண்ணால் கண்டிராத ஒரு நாட்டின் பாராளுமன்ற வரலாற்றுக்குள் கையை விட்டுவிட்டது.

நாங்கள் இருப்பது ஒஸ்லோவில், ட்வெய்ட்டாவின் உயர்ந்த கட்டடங்களில் ஒன்றின் ஒன்பதாம் மாடியில். காலையில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் எனக்கு வேலை. மத்தியானத்துக்குப் பிறகு வீட்டில் தையல். மகள் கலியாணம் முடித்து ஹவுகெட்டோவுக்குப் போன மறுநாளே அவளுடைய அறையைப் பிடித்து மெஷினை யன்னலோரம் போட்டுவிட்டேன். எங்கள் ஆட்கள் சாறிச் சட்டை என்று கொண்டுவருவதைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பிளவுஸ் என்று கொண்டுவருவார்கள், முதுகில் யன்னல் மாதிரி வெட்டித் தரச் சொல்வார்கள். என் கவலை எல்லாம் கமக்கட்டு சரியாக உட்காருகிறதா என்பது மட்டும்தான்.

அக்காவைப் பதினொரு வருடமாகத் தெரியும். ஆபிரிக்கப் பெண், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவருடைய பெயரையும் நாட்டின் பெயரையும் எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த நாடு சுதந்திரம் அடைந்து முப்பது வருடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கீழ் மண்டபத்தில் கோப்பி ஊற்றுகிறவர் என்றுதான் அவரை அறிந்தேன். குழந்தைகள் பராமரிப்பு நிலையம் ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் நான் வாய் தவறி அக்கா என்று கூப்பிட, அர்த்தம் கேட்டார், சொன்னேன். அன்றிலிருந்து அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பார்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது நோர்வேஜிய மொழி. இரண்டு பேருமே அதைக் கை கால் முறித்துத்தான் கதைப்போம். ஆகையால் அவர் சொன்னவற்றை என் தமிழில்தான் எழுதுகிறேன். என் காதில் அது அப்படித்தான் விழுந்தது.

பதினொரு வருடத்தில் நான் அவரிடம், ஊரில் என்னவாக இருந்தீர்கள் என்று கேட்டதில்லை. அவரும் என்னிடம் கேட்டதில்லை. அகதியாக வந்த இடத்தில் இது ஒரு மரியாதை. ஒருவர் டொக்டராக இருந்துவிட்டு இங்கே பஸ் கழுவுவார்; கேட்டு என்ன செய்வது?

சித்திரை மாதம், பனி உருகி, சறுக்காமல் இருக்கப் போட்ட சரளைக்கல் வழியெல்லாம் கிடந்த ஒரு பின்னேரம், அக்கா ஒரு பையோடு வந்தார். பைக்குள் ஒரு பழைய நீளச் சட்டை. மஞ்சளில் பச்சை இலைகள் போட்ட பருத்தித்துணி, தோய்த்துத் தோய்த்து வெளிறிப்போயிருந்தது. இரண்டு மாதத்தில் தன் நாட்டில் ஒரு விழா, இதைத்தான் உடுத்துப் போகவேண்டும், பக்கங்களில் விரித்துத் தரமுடியுமா என்று கேட்டார். நான் உள்மடிப்பைப் பார்த்தேன். ஊர்த் தையற்காரன் புண்ணியவான், பிற்காலத்துக்கு என்று தாராளமாகத் துணி விட்டிருந்தான். முடியும் என்றேன்.

அடுத்தடுத்த நாள் பக்கங்களைப் பிரித்து விரித்தேன். வேலை முடிந்து சட்டையைத் தூக்கிப் பிடித்தபோது என் கண் இடது மார்பில் போய் நின்றது. அங்கே தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புத் துணியை ஒட்டுப் போட்டிருந்தார்கள். மெல்லிய பருத்தியில் கோட்டுத் தைக்கும் கம்பளித் துணி! அதன் நடுவில் ஒரு பொத்தான் துளை வேறு. பொத்தானே இல்லாத சட்டைக்கு ஏன் துளை? கிழிந்த இடத்தை யாரோ கைக்குக் கிடைத்ததை வைத்து மூடியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். இவ்வளவு ஆசையாக உடுத்துப் போகப்போகிற சட்டையில் இப்படி ஓர் அசிங்கம் இருக்கக் கூடாது என்று எனக்குள் பொத்துக்கொண்டு வந்தது.

ஒட்டைப் பிரித்து எடுத்தேன். அடியில், துளைக்கு நேரே, பருத்தியிலும் ஒரு சிறு கீறல் இருந்தது. உள்மடிப்பிலிருந்து நூலை உருவி, அதே நூலால் அந்தக் கீறலைப் பின்னி மூடினேன். அரை நாள் பிடித்தது. உள்பக்கம் கீறலைச் சுற்றிப் பச்சையாக ஒரு வட்டக் கறை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. உள்பக்கம்தானே, தெரியாது என்று விட்டுவிட்டேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அன்றைக்கு அவ்வளவு பெருமை. அவர் கேட்காத வேலை, நான் என் பாட்டில் செய்தது.

அக்கா வந்து சட்டையைப் போட்டு, கண்ணாடி முன்னால் நின்றார். பக்கங்கள் அளவாக உட்கார்ந்திருந்தன. அவருடைய கை மெதுவாக மேலே போய் இடது மார்பைத் தடவியது. பிறகு இன்னொரு முறை தடவியது.

"இதிலை இருந்த துண்டு எங்கை?" என்று கேட்டார்.

நான் முகம் முழுக்கச் சிரிப்போடு, அதை எடுத்துவிட்டேன், கிழிசலை மூடியிருக்கிறேன், தொட்டுப் பாருங்கள், இருந்த இடமே தெரியாது என்றேன். அக்கா கட்டிலில் இருந்துவிட்டார். கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ நல்லது. நான் ஏதோ பெரிய பிழை செய்துவிட்டேன் என்று விளங்கியது, என்ன பிழை என்றுதான் தெரியவில்லை.

பிறகு கைத்தொலைபேசியை எடுத்து ஒரு படம் காட்டினார். பத்திரிகைக்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஒரு மரத்தின் கீழ் ஏழு பெண்கள், ஏழு பேரும் ஒரே துணியில் சட்டை. நடுவில் நிற்கிறவர் அக்கா என்று கன்னத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். எங்கள் கோயில் திருவிழாவிலும் பாட்டுக்குழுப் பெண்கள் ஒரே நிறச் சாறிதான் கட்டுவோம். அதுதான் மனதில் வந்தது. நிலைமையைச் சுமுகமாக்க நினைத்து, "பாட்டுக்குழுவே அக்கா? நீங்கள் பாடுவியள் எண்டு எனக்குத் தெரியாதே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "நீயுமோ?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு சொன்னார். அந்த ஏழு பேரும் அவர்களுடைய நாட்டின் முதலாவது பாராளுமன்றத்தின் உறுப்பினர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த முதல் தேர்தலில் வென்றவர்கள். ஒருவர் மருத்துவிச்சி, இரண்டு பேர் ஆசிரியைகள், ஒருவர் சந்தையில் மீன் விற்றவர், இரண்டு பேர் போராட்டத்தில் இருந்து வந்தவர்கள். அக்கா தபால் கந்தோரில் எழுதுவினைஞர். ஒருத்தி நன்றாக உடுத்து ஒருத்தி குறைவாக உடுத்துப் போகக்கூடாது என்று ஒரே துணியில் ஏழு சட்டை தைப்பித்திருக்கிறார்கள்.

முதல் நாளுக்கு முந்தின பின்னேரம் உறுப்பினர் சின்னம் கொடுத்திருக்கிறார்கள். பித்தளையில் செய்த கனமான சின்னம், பின்னால் திருகாணி. ஆண்களின் கோட்டுத் துளையில் மாட்டுவதற்கென்றே செய்தது. பெண் உறுப்பினர் வருவாள் என்று செய்தவனுக்கு யாரும் சொல்லவில்லை. மெல்லிய பருத்தியில் அதை மாட்டினால் சட்டை கிழிந்து தொங்கியது. மருத்துவிச்சி தன் கணவனின் கலியாணக் கோட்டை எடுத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கவே வெட்டி, ஏழு துண்டு எடுத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் துளை போட்டாராம். ஏழு பேரும் வட்டமாக இருந்து தங்கள் தங்கள் துண்டைத் தாங்களே தைத்துக்கொண்டார்கள். நான் அசிங்கம் என்று பிரித்தெறிந்தது அதைத்தான்.

மறுநாள் காலை பாராளுமன்ற வாசலில் காவலாளி அவர்களை மறித்தான். அந்த நாட்டில் பெண்கள் கூட்டமாக ஒரே துணியில் வந்தால் தலைவர்களை வரவேற்றுப் பாட வருகிறார்கள் என்றுதான் அர்த்தம். அங்கே மரத்தடியில் போய் நில்லுங்கள், ஜனாதிபதியின் கார் வரும்போது பாடத் தொடங்குங்கள் என்று அனுப்பிவிட்டான். சின்னத்தைக் காட்டினால், இதைக் கழற்றிக் கொண்டுபோய்ப் புருஷனிடம் கொடு என்றானாம். பத்திரிகைக்காரன் படம் எடுத்தது அப்போது, அந்த மரத்தடியில். ஏழு பேரும் காத்து நின்று பார்த்தார்கள். வாத்தியம் முழங்க ஜனாதிபதி உள்ளே போனார். அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தப் போனபோது மருத்துவிச்சி, "நடவுங்கோ" என்றார். நடந்தார்கள். காவலாளி தோளில் தொங்கிய துவக்கைக் கழற்றிக் குறுக்கே பிடித்தான். மீன் விற்றவர் அதை ஒரு கையால் விலக்கிவிட்டுப் போனாராம், சந்தையில் பழகிய கை. உள்ளே இருந்த அதிகாரி ஒருவர் பட்டியலைப் பார்த்து, வெட்கப்பட்டு, இடம் காட்டினார். ஆண்கள் எல்லோரும் சத்தியப்பிரமாணம் செய்து முடித்த பிறகு கடைசியாக இவர்கள் செய்தார்கள். அதற்குள் பத்திரிகைக்காரர்கள் போய்விட்டார்கள்.

அந்தக் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கவில்லை. எதிரே இருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்களாம். பாராளுமன்றத்தில் ஒரு பெண் கேட்ட முதலாவது கேள்வியே அதைப் பற்றித்தான், கேட்டவர் அக்கா. சபை விழுந்து விழுந்து சிரித்தது. சபை சிரித்து முடியும்வரை இவர்கள் ஏழு பேரும் கதிரையில் இருக்காமல் எழும்பி நின்றார்கள். கழிப்பறை வந்தது. அடுத்த வருடம், கணவன் செத்தால் வீட்டையும் காணியையும் விட்டு மனைவியைத் துரத்தக்கூடாது என்ற சட்டத்தையும் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். அக்கா இதைச் சொல்லும்போது குரலே வேறாக இருந்தது. கோப்பி ஊற்றும் குரல் இல்லை.

பிறகு சபை கலைந்தது. சட்டப்படி சின்னங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு யுத்தம். அக்கா அகதி முகாமிலும் அந்தச் சட்டையைத்தான் தோய்த்துத் தோய்த்து உடுத்தியிருக்கிறார்.

இப்போது நடப்பது இதுதான். பாராளுமன்றம் தன் ஆண்டு விழாவுக்கு ஒரு பெரிய புத்தகம் போடுகிறது, சுவரிலும் படங்கள் வைக்கிறது. அதில் இந்தப் படமும் உண்டு. படத்தின் கீழே எழுதியிருப்பது: முதல் நாளில் வரவேற்புப் பாடல் பாடிய மகளிர். முதல் பாராளுமன்றத்தின் பதிவேடுகள் யுத்தத்தில் எரிந்துபோயின. பெண் உறுப்பினர்கள் பிறகு, இரண்டாவது பாராளுமன்றத்தில்தான் வந்து சேர்ந்தார்கள் என்று எவரோ எழுத, அதுவே வரலாறாகிவிட்டது. அக்கா இரண்டு முறை கடிதம் எழுதினார். ஆதாரம் இருந்தால் அனுப்பவும் என்று பதில் வந்தது. கூடவே ஓர் அழைப்பிதழும் வந்தது, படத்தில் நிற்கிற பழைய பாடகிகளில் ஒருவராக விழாவுக்கு வந்து பாடும்படி.

"நாங்கள் பாடேல்லை. சத்தியம் பண்ணினனாங்கள்," என்றார் அக்கா. "ஏழு பேரிலை இப்ப ரெண்டு பேர்தான் உயிரோடை. மற்றவ படுத்த படுக்கை. நான் போய் இந்தச் சட்டையோடை நிண்டு, பாட்டுக்காரிக்கு எதுக்கு இந்தத் துளை எண்டு கேக்க இருந்தனான்."

எனக்கு நிலத்தில் புதைந்து போகலாம் போல இருந்தது. வெட்டுத்துணிப் பை இரண்டையும் தரையில் கொட்டினேன். சாறிக்கரை, உள்துணி, ஜரிகை என்று மலையாகக் குவிந்தது. கறுப்பைக் காணோம். முழங்காலில் நின்று ஒவ்வொரு துண்டாக விலக்கினேன், அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்காதான் கண்டுபிடித்தார். சுவரில் ஆணியில் தொங்கியது. நல்ல கம்பளித் துணி, ஊசி துருப்பிடிக்காது என்று நானே என் ஊசிகளை எல்லாம் அதில் குத்தி மாட்டியிருந்தேன். ஒரு நாட்டின் பாராளுமன்ற உறுப்பினரின் சின்னத் துணியில் பன்னிரண்டு ஊசி. அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார், நான் அழுதேன்.

அப்போதே திருப்பித் தைத்துவிடுவோம் என்று ஊசியில் நூல் கோர்த்தேன். ஆனால் முதலில் மகளுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்வோம், படத்தைப் பெரிதாக்கத் தெரிந்தவள் அவள் என்று தோன்றியது. அவள் நோர்வேயில் பிறந்தவள், காப்புறுதி நிறுவனம் ஒன்றில் சட்டப் பிரிவில் வேலை. மறுநாள் வேலை முடிந்து நேரே வந்தாள், அக்காவும் வந்திருந்தார். கணினியில் படத்தைப் பெரிதாக்கினாள். ஏழு பெண்களின் இடது மார்பிலும் ஒரு சின்னக் கறுப்புச் சதுரம், நடுவில் வெயில் பட்டு வெள்ளைப் புள்ளி. சின்னம் தெரியவில்லை, வெளிச்சம் அதைத் தின்றுவிட்டது.

மகள் சட்டையையும் துண்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "அம்மா, இதுதான் அன்ரியின்ரை ஒரே பெவிஸ். நீங்கள் பிரிச்சுப்போட்டியள். இனித் தைச்சால், போன கிழமை தைச்சது எண்டு சொல்லுவினம். புது நூல் காட்டிக்குடுக்கும்."

பெவிஸ் என்றால் ஆதாரம். அந்த நோர்வேஜியச் சொல்லை அவள் அலுவலகக் கடிதங்களில் நாள் முழுக்க எழுதுகிறவள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கேட்காத வேலை செய்த என் கையை மனதுக்குள் திட்டிக்கொண்டு, செய்வதற்கு வேறொன்றும் தெரியாமல், சட்டையை யன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தேன். சித்திரை வெயில், கண் கூசும் வெயில்.

அப்போதுதான் பார்த்தேன். இத்தனை நாளும் கிழிசலைப் பார்த்த அவசரத்தில் அதைச் சுற்றியிருந்ததைப் பார்க்கவில்லை. சட்டை முழுவதும் வெளிறிப்போன மஞ்சள். ஒட்டு இருந்த இடத்தில் மட்டும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுரம், கடையில் அன்றைக்கு வெட்டின துணியின் மஞ்சள். பச்சை இலை ஒன்றின் பாதி பளபளவென்று இருந்தது, சதுரத்துக்கு வெளியே அதே இலையின் மறுபாதி சாம்பல். முப்பது வருட வெயிலும் தோய்ப்பும் அந்தச் சதுரத்துக்குள் போகவே இல்லை.

இது எனக்குத் தெரிந்த விஷயம். கடிதமோ சட்டமோ எனக்குத் தெரியாது, துணி தெரியும். துணி தோய்க்காத காலத்திலேயே, புதிதாக இருந்தபோதே, இந்த ஒட்டு போடப்பட்டிருக்கிறது. போன கிழமை போட்டது என்று எந்தக் கொம்பனும் சொல்ல முடியாது. சுற்றிவர பழைய ஊசித் துளைகள், கறுப்புத் துண்டின் துளைகளோடு ஒன்றுக்கொன்று பொருந்தின. உள்பக்கம் திருப்பினால் அந்தப் பச்சை வட்டம், நான் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகாதது. பித்தளைத் திருகாணியின் கறை. நல்ல வேளை, என் சவர்க்காரம் தோற்றது.

"பிரிச்சிராட்டி இது ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது," என்றேன். என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது. மகள் குனிந்து பார்த்தாள். பிறகு, "அளந்து பாக்க அடிமட்டம் இருக்கோ?" என்று கேட்டாள். அவள் வேலை தொடங்கிவிட்டாள் என்று விளங்கியது.

கீறலை மூடி நான் பின்னியிருந்த நூலை, அந்த அரை நாள் பெருமையை, நானே இழை இழையாகப் பிரித்தெடுத்தேன். மகள் அடிமட்டத்தை வைத்துச் சட்டையின் முன்பக்கம், உள்பக்கம், துண்டு, துளைகள் என்று படம் எடுத்தாள். நான் தமிழில் ஒரு பக்கம் எழுதினேன். நான் இத்தனை வருடம் தையல் செய்கிறவள், இந்தச் சட்டையை நானே பிரித்தேன், இன்ன இன்ன கண்டேன், கீறலைத் தெரியாமல் மூடியதும் நான்தான், பிழை என்னுடையது. மகள் அதை ஆங்கிலத்தில் மாற்றினாள். பிழை என்னுடையது என்ற வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பிழையை ஒப்புக்கொள்கிறவள் சொல்வதைத்தான் மற்றவர்கள் நம்புவார்கள். அக்கா தன் பங்குக்கு ஒரே ஒரு வரி எழுதினார். உங்கள் கண்ணாடிப் பெட்டியில் பழைய சின்னம் ஒன்று இருக்குமே, அதன் திருகாணியை இந்த வட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள் என்று.

எல்லாவற்றையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பினோம். மூன்று கிழமை ஒரு சத்தமும் இல்லை. அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம் போலக் கோப்பி ஊற்றினார். நான் கோப்பையை நீட்டுவேன், அவர் கடிதம் இல்லை என்று தலையை ஆட்டுவார், நான் நகருவேன். சலவையில் நின்றாலும் எனக்கு அதே நினைப்புத்தான். ஒருநாள் படுக்கை விரிப்புகளைத் தலையணை உறைகளோடு சேர்த்துப் போட்டு ஏச்சு வாங்கினேன்.

நாலாம் கிழமை, நான் வேலையில் நிற்கும்போது அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். பாராளுமன்ற நூலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அக்கா சொன்னபடியே கண்ணாடிப் பெட்டியைத் திறந்து சின்னத்தை எடுத்து அளந்திருக்கிறார்கள். வட்டம் சரியாகப் பொருந்தியது. படத்தில் தெரியும் சதுரமும் சட்டையின் சதுரமும் ஒரே இலையின் மேல் ஒரே இடத்தில் இருந்தன. சின்னம் உறுப்பினருக்குத் தவிர வேறு எவருக்கும் கொடுக்கப்பட்டதில்லை. ஆகவே புத்தகத்தில் அந்தப் பக்கம் மாற்றப்படுகிறது, வரலாறு திருத்தப்படுகிறது, உறுப்பினர் என்ற முறையில் தங்களை விழாவுக்கு அழைக்கிறோம் என்று எழுதியிருந்தது. அக்கா கடிதத்தை முதலில் தன் மொழியில் வாசித்தார், பிறகு நோர்வேஜியனில் வாசித்தார். எனக்கு முதல் தடவையே விளங்கிவிட்டது. ஈரத் துவாய்கள் நடுவில் நின்று நான் கூச்சல் போட, கூட வேலை செய்கிறவர்கள் யாருக்கோ பிள்ளை பிறந்துவிட்டது என்று நினைத்து வந்து கட்டிப்பிடித்தார்கள். நானும் திருத்தவில்லை.

ஒட்டை மறுபடி தைத்தேன். மேல் விளிம்பில் மட்டும், ஒரு மூடி போல. தூக்கினால் அடியில் இருக்கும் மஞ்சள் தெரிய வேண்டும், பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கட்டும். அக்கா அதைத் தூக்கித் தூக்கி மூடிப் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரி" என்றார். தமிழில் சொன்னார். எங்கே பழகினார் என்று தெரியாது.

விழா நடந்தது ஒரு வியாழக்கிழமை. அங்கேயும் இங்கேயும் நேர வித்தியாசம் அதிகமில்லை, மத்தியானம். மகள் வேலையில் அரை நாள் விடுப்பு எடுத்து வந்து தொலைபேசியில் நேரலையைப் பிடித்து மெஷின் மேல் சாய்த்து வைத்தாள். அன்றைக்கென்று ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை அளவு கொடுக்க வந்திருந்தது. மென்பொருள் நிறுவனத்தில் வேலை, நேரம் தவறாத பிள்ளை. "ஆன்ட்டி, ஏதாவது முக்கியமான புரோகிராமா? நான் அப்புறம் வரட்டுமா?" என்று கேட்டது. இரு பிள்ளை, நீயும் பார் என்றேன்.

சபாநாயகர் ஒரு பெண்; கீழே ஓடிய ஆங்கில வரிகளை மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். முதல் பாராளுமன்றத்தின் முதல் நாளின் உறுப்பினர்களை இப்போது அழைக்கிறேன் என்று சொல்லி, வருகைப் பதிவேடு எடுப்பது போலவே பெயர்களை வாசித்தார். பெயருக்குரியவர் இருந்தால் எழும்பி, வந்திருக்கிறேன் என்று சொன்னார். இறந்துபோயிருந்தால் மகனோ மகளோ எழும்பி, வந்திருக்கிறார் என்று சொன்னார்கள். அந்த மொழியில் அந்த இரண்டு சொல்லும் எனக்குப் பத்து நிமிடத்தில் பாடமாகிவிட்டது. ஆண்களின் பெயர்களோடு கலந்து, அகர வரிசையில், பெண்களின் பெயர்களும் வந்தன. கடைசியாக இல்லை. மீன் விற்றவரின் மகள் எழும்பினாள், அவளுக்கும் அகன்ற தோள். படுக்கையில் இருப்பவருக்காகப் பேரன் ஒருவன் சொன்னான். அக்காவின் பெயர் வந்தது. மஞ்சள் சட்டை எழும்பியது. "வந்திருக்கிறேன்." அந்தக் குரலுக்கு ஒலிவாங்கி தேவைப்படவில்லை. எனக்குக் கண் மறைத்தது. என் மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

இன்னும் இரண்டு மூன்று பெயர்களுக்குப் பிறகு ஒரு பெண்ணின் பெயர். ஒருவரும் எழும்பவில்லை. ஆசிரியைகளில் ஒருவர் அவர், யுத்தத்தில் முழுக் குடும்பமும் போய்விட்டதாம், பிறகு அக்கா சொன்னார். சபாநாயகர் இன்னொரு முறை வாசித்தார். சபை முழுவதும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தது. சபாநாயகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த பெயருக்குப் போகப் பார்த்தார்.

அப்போது அக்கா மறுபடி எழும்பினார். அவசரப்படவில்லை, கதிரையின் கையைப் பிடித்து எழும்பினார். "வந்திருக்கிறா," என்றார். "எனக்குப் பக்கத்திலை நிண்டு சத்தியம் பண்ணினவ. நான் பாத்தனான்."

சொல்லிவிட்டு அவர் கதிரையில் இருக்கவில்லை. நின்றார். சபாநாயகர் எழுந்தார். அவருக்குப் பிறகு முன்வரிசை, பிறகு பின்வரிசை, பிறகு பார்வையாளர் மாடம். கைதட்டல் இல்லை, நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் சத்தம் மட்டும் தொலைபேசிக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. ட்வெய்ட்டாவில், ஒன்பதாம் மாடியில், கழுத்தில் அளவு நாடாவோடு நான் எழும்பி நின்றேன். மகளும் எழும்பினாள். யார் எவர் என்று ஒன்றுமே தெரியாத அந்தத் தமிழ்நாட்டுப் பிள்ளையும் எங்களோடு நின்றது.